இலையை விட்டு எழுந்த மறுநாள்

சங்கீதா அன்று போனில் பேசியதெல்லாம் இந்த வரிசையில்தான் வந்ததா என்று இப்போது உறுதியாகச் சொல்வதற்கில்லை. பாதியை உப்பளத்துக் காற்று அடித்துக்கொண்டு போனது. மீதியை அவளே பின்னால் நினைத்து நினைத்துச் சொன்னதில் முன்பின் மாறியிருக்கலாம். கோபம் மட்டும் மாறியிருக்காது.

மரக்காணம் உப்பளத்தில், பாத்திகளுக்கு நடுவே போகும் மண்பாதை முடிகிற இடத்தில் அவள் நின்றிருந்தாள். வெயில் தாழத் தொடங்கியிருந்தது. சென்னையிலிருந்து அண்ணன் சதீஷ் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைசியில்தான் எடுத்தாள்.

"அலோ... ஆங், நான்தான்... எடுக்கல, ஆமா. எடுக்கத் தோணல... ஜெராக்ஸ் கடையில இல்ல. மத்தியானத்துக்கு மேல லீவு சொல்லிட்டேன்... எங்கயோ இருக்கறேன், உனக்கு இன்னா இப்ப?

"... காத்துதான் அது... ஆமா, ஆமா, உப்பளத்துலதான் நிக்கறேன். தேவா வேலை பாக்கற உப்பளம்தான். போதுமா?... கத்தாத. நேத்து நீ கத்துனதே இன்னும் காதுல நிக்குது.

"... யாரு, நானா மானத்த வாங்குனேன்? இலை போட்டு, சோறு வச்சி, சாம்பார் ஊத்தியாச்சி. அப்பா கையை இலையில வைக்கப் போறாரு. 'எழுந்திருங்கப்பா, பையனுக்குப் பொண்ணப் புடிக்கல'ன்னு சொன்னது யாரு?... நீ சொல்லல? உன் வாய் சொல்லல?... சம்பந்தம் பேசப் போன வூட்டுல கை நனைக்காம எழுந்து வந்தா இன்னா அர்த்தம்னு உனக்குத் தெரியாதா? நீயும் நம்ம ஊரு பிரம்மதேசத்துலதான பொறந்த?"

தெரியாமல் இருக்காது. மாப்பிள்ளை வீட்டில் பெண் வீட்டார் உட்கார்ந்து சாப்பிட்டால் சம்மதம். இலை போட்ட பிறகு எழுந்தால் அந்த வாசலை இனி மிதிக்க மாட்டோம் என்று அர்த்தம். பிரம்மதேசத்திலும் அப்படித்தான், மரக்காணத்திலும் அப்படித்தான்.

தேவாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. அப்பா அரசப்பனோடு உப்பளத்தில் வேலை. ஆதார் அட்டைக்கு லேமினேஷன் போட சங்கீதா வேலை பார்க்கும் கடைக்கு வந்தவன், வேலை இல்லாத நாளிலும் வரத் தொடங்கினான். அவளுக்குப் பிடித்துப்போனது. வீட்டில் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கினாள். கடைசியாக இறங்கி வந்தவன் சதீஷ்தான். தேவாவோடு பேச அவளுக்கு ஒரு மொழி வேண்டுமே என்று, சைகை மொழி கற்றுத்தரும் ஆப் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அவள் போனில் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான்.

"... ஆப்பப் பத்திப் பேசாத... பேசாதன்னு சொல்றேன்ல! மூணு ஆப் காட்டுன. அதுல ஒண்ணு டில்லிக்காரங்க செஞ்சது, நம்ம நாட்டுச் சைகை. நான் அதப் போடுன்னேன். நீ இன்னா சொன்ன? 'அதுக்கு ஸ்டார் கம்மி, இதுக்கு நாலு புள்ளி ஏழு இருக்குது'ன்ன. ஆளைக் கட்டிக்கறதுக்கு மொழி பாக்கச் சொன்னா, பிரியாணிக் கடை பாக்கற மாதிரி பாத்த. அமெரிக்காக்காரி அவ ஊரு சைகையக் காட்டறா, நானும் கண்ணாடி முன்னாடி நின்னுகிட்டு விரலை மடக்கறேன், நீட்டறேன். ஒரு நாள் விட்டுட்டா 'உன்னைக் காணோமே'ன்னு அழுவற மூஞ்சி வேற அந்த ஆப் அனுப்பும்.

"... ஒண்ணுதான்னு நீ சொன்ன! சைகை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்னு அடிச்சி சொன்ன. இல்லயாம். அவங்களுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணாம். காலையில கடையில உக்காந்து தேடிப் பாத்தேன்.

"... இன்னொரு ஆப்பா?... கேமராவைக் காட்டுனா அதுவே தமிழ்ல சொல்லிடுமா?... இல்ல இல்ல, நீ சொல்லு. முழுசா சொல்லு. கேக்கறேன்."

அவன் சொல்லிக்கொண்டே போனான். அவள் கேட்கவில்லை. எதிரே இரண்டு பாத்திக்கு அப்பால் தேவா முதுகைக் காட்டிக்கொண்டு உப்பு வாரிக்கொண்டிருந்தான். உப்பு வாரும் பலகை முன்னால் போனது, பின்னால் வந்தது. அந்த முதுகில் ஏதாவது எழுதியிருப்பதுபோல அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"... முடிச்சிட்டியா? சரி. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். அவரு பள்ளிக்கூடமே போனதில்லன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?... சுத்தி வளைக்காத. தெரியுமா தெரியாதா?... தெரியும்... எப்பத்துல இருந்து?... ஆப் போடறதுக்கு முன்னாடியே?

"அண்ணா, காது கேக்காதவங்க பள்ளிக்கூடத்துலதான அந்த பாஷையச் சொல்லித் தர்றாங்க? இவரு அங்க போகவே இல்லன்னா இவருக்கு டில்லி சைகையும் தெரியாது, அமெரிக்கா சைகையும் தெரியாது. தெரிஞ்சிகிட்டே என் கையில ஒரு பொம்மையக் கொடுத்து உக்கார வச்சிருக்க... எதுக்கு?... 'கத்துகிட்டு முடிக்கறதுக்குள்ள அவன் மேல உனக்கே சலிச்சிடும்'னா?... ஓ... ஓஹோ."

போனைக் காதிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டாள். பாத்தித் தண்ணீரைக் காற்று சுருக்கிவிட்டுப் போனது. வீட்டில் எல்லோரும் தன்னைத் திட்டியபோது அண்ணன் ஒருவன்தான் தன் பக்கம் நின்றான் என்று இத்தனை நாளும் அவள் நம்பியிருந்தாள்.

"... இருக்கறேன். லைன்லதான் இருக்கறேன். நேத்துதான் மொதல்ல காட்டணும்னு சேத்து வச்சதுல நான் இன்னா காட்டுனேன் தெரியுமா அவருகிட்ட? 'என் பேரு சங்கீதா. உங்களப் பாத்ததுல சந்தோஷம்.' அவ்ளோதான். அவரு உள்ள போய்த் தண்ணி கொண்டாந்தாரு. மறுபடியும் காட்டுனேன். நாற்காலி கொண்டாந்தாரு. மூணாந்தரம் காட்டுனேன், ஃபேனை என் பக்கம் திருப்பி வச்சாரு... சிரிக்காத... எனக்கும் சிரிப்புதான் வருது. ஆனா நீ சிரிக்காத.

"... ஆமா, பின்னாலதான் போனாரு. நான் ஒரு அடி முன்ன வச்சா அவரு ரெண்டடி பின்ன. வாசல் தாண்டி ரோட்டுக்கே போயிட்டாரு... எல்லாரும்தான் பாத்தாங்க. நானும்தான் பாத்தேன். எனக்கு மட்டும் வலிக்கலையா?

"... கேளு. கேளுண்ணா! அவரு புடிக்காம போகல. பேசறதுக்குப் போனாரு... பேசறதுக்கு... எனக்கு ஒண்ணும் பைத்தியம் புடிக்கல. இங்க வந்து நின்னு பாத்துகிட்டே இருக்கறேன். அவரு ஒரு பாத்தியில, அவங்கப்பா நாலு பாத்தி தாண்டி. நடுவுல இந்தக் காத்து. காது கேக்கறவங்களே இங்க வாயால பேசிக்கறதில்ல. துண்டைத் தூக்கி வீசறாங்க, கையை விரிக்கறாங்க, குனிஞ்சி நிமிர்றாங்க. தண்ணி வுடு, போதும் நிறுத்து, லாரி வந்திடுச்சி, எல்லாம் ஒடம்பாலதான். அவரு சின்னதுல இருந்து அப்படியே பேசி வளந்திருக்காரு. கிட்ட நிக்கற ஆள்கிட்ட அவருக்குப் பேசவே வராது. தண்ணி கொடுப்பாரு, சிரிப்பாரு, அவ்ளோதான். முக்கியமா எதுனா சொல்லணும்னா தள்ளிப் போய்தான் நிப்பாரு.

"வீடியோ கால்லயும் அதான். போனை வரப்புல சாய்ச்சி வச்சிட்டு அந்தாண்ட போய் நிப்பாரு. நான் ஒருத்தி, டவர் இல்லாம அலையறாருன்னு நெனச்சிகிட்டு இருந்தேன்... ஆமா. அவரு ரோட்டுல போய் நின்னு கையத் தூக்கறதுக்குள்ள நீ எல்லாரையும் கார்ல ஏத்திட்ட.

"... இன்னா சொன்ன? இன்னொரு தரம் ஊமைன்னு சொல்லு பாக்கலாம்... சொல்லேன்... அவரு பேசறாருண்ணா. நமக்குத்தான் புரியல.

"... இப்பவா? முதுகைக் காட்டிகிட்டு நிக்கறாரு. நான் வந்ததைப் பாத்தாரு. பாத்துட்டுத் திரும்பிகிட்டாரு... கோவம் இருக்காதா? அவங்கம்மா பரிமாறின இலையை ஈ மொய்க்க வுட்டுட்டு வந்திருக்கோம். இன்னிக்கு இவரு திரும்பலன்னா இதோட எல்லாம் முடிஞ்சிது... கூப்பிடறதா? எப்படிக் கூப்பிடறது? நீயே சொல்லு. உன் நாலு புள்ளி ஏழு ஸ்டார் ஆப்பைக் கேட்டுச் சொல்லு, முதுகைத் திருப்பிகிட்டவரை எப்படிக் கூப்பிடறதுன்னு.

"... கிட்டயும் போக முடியாது. பாத்தியில உப்பு பூத்திருக்குது, அதுல கால் வைக்கக் கூடாது. சுத்திகிட்டுப் போய் மூஞ்சிக்கு நேரா நிக்கவும் மாட்டேன். அவரு திரும்பணும். அதுவரைக்கும் இங்கயே நிப்பேன்.

"... அப்பாகிட்ட நீதான் பேசணும். நீ எழுப்புன இல்ல, நீயே கூட்டிகிட்டு வந்து உக்கார வை... வர மாட்டியா?... சரி... சரிண்ணா, வராத... அண்ணனே வேணாமான்னு நான் கேக்கல. நீதான் கேக்கற."

தொலைவில் அரசப்பன் நிமிர்ந்தார். வந்ததிலிருந்து அவர் ஒருமுறைகூட அவள் பக்கம் பார்க்கவில்லை. இப்போது பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, தலைக்கு மேலே இரண்டு சுற்று சுற்றினார். தேவா கவனித்தான். அவர் கையை நீட்டி, மண்பாதை பக்கம் காட்டினார். தேவா அசையவில்லை. அரசப்பன் துண்டை மறுபடியும் வீசினார், இந்த முறை கோபமாக.

"... இரு. இரு, இரு... உன்கிட்ட இல்ல... அண்ணா, பலகையைக் கீழ வைக்கறாரு... திரும்பிட்டாரு... இன்னாவா? போனைப் புடிச்சிகிட்டு நான் எப்படிப் பேசறது? ரெண்டு கையும் வேணும் எனக்கு. வைக்கறேன்... வைக்கறேன்னு சொல்றேன்ல!"

போனை அணைத்துத் தரையில் வைத்தாள். பிறகு, அவனைப் பார்த்தபடியே, வந்த பாதையில், அவன் பேசுகிற தூரத்துக்கு, பின்னால் நடந்தாள்.

சங்கீதாவின் அப்பா தனகோடி மறுவாரம் தனியாக பஸ் ஏறி வந்து அரசப்பன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஆவணியில் கல்யாணம் நடந்தது. சதீஷ் தாலி கட்டும்போது வந்து நின்றான், பந்திக்கு உட்காராமல் கிளம்பிவிட்டான். இன்னும் சென்னையில்தான் இருக்கிறான். தங்கையோடு பேசுவதில்லை. அரசப்பன் முட்டி வலியால் வேலையை விட்டுவிட்டார், உப்பளத்தைத் தேவா பார்க்கிறான். சங்கீதா அதே ஜெராக்ஸ் கடைக்குப் போகிறாள். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. அதற்குக் காது நன்றாகக் கேட்கிறது.