ஆகட்டுங்கன்னா ஆச்சுன்னு அர்த்தமில்லைங்க சார்

இல்லைங்க சார், பயனாளி நான் இல்லைங்க. பயனாளி இவன், எந்தம்பி ஆஷிக். நான் பயனாளியோட அக்கா, மெஹ்ரீன். பதினொண்ணாவது படிக்கறேன். அந்த நாற்காலி ஒரு கால் ஆடுமுங்க, இதுல உக்காருங்க. இந்த ஆபீஸு சுவாமிநாதண்ணன் உங்களுக்குப் போண்டா வாங்கப் போயிருக்காரு. சென்னையில இருந்து பெரிய ஆபீசர் வந்திருக்காருன்னு சொன்னா எங்க மல்லசமுத்திரத்துல புதுசாத்தான் மாவு கரைப்பாங்க. நேரமாகும்.

உங்க பேருங்க சார்? சந்தோஷ்குமாரா. பேரு சொல்றதுக்கு முன்னாடி ஒரு க்ஹும்னு செருமறீங்களே, சளிங்களா? ஓ, பழக்கமா. சரிங்க சரிங்க.

போட்டோவா? காது மெஷின் மாட்டுன பையனோடயா? எடுத்துக்கலாமுங்க. பையன் இருக்கறான். காதும் ரெண்டு இருக்குது. மெஷின்தான் இல்ல. அவன் உங்க வாயையே பாத்துக்கிட்டு இருக்கறான்னு தப்பா நெனைக்காதீங்க, அவனுக்கு அதுதான் காது.

என்ன சொன்னீங்க? சரியாக் கேக்கல, இன்னொருக்கா சொல்லுங்க. ஆங், உங்க ஸ்க்ரீன்ல மெஷின் குடுத்தாச்சுன்னு பச்சையா இருக்குதுங்களா. இருக்குமுங்க. அந்தப் பச்சை எப்படி வந்துச்சுன்னு கேளுங்களேன், போண்டா வார வரைக்கும் பொழுது போவோணுமில்ல.

உங்க ஒருங்கு சாஃப்ட்வேர் இருக்குதுங்களே, சுவாமிநாதண்ணனுக்கு அந்தப் பேரு வாயில வராது. உறங்கும்பாரு. உறங்குல ஏத்திட்டேன், உறங்குல பாத்துட்டேன்னு சொல்லிச் சொல்லி ஊரே இப்ப உறங்குன்னுதான் சொல்லுது. சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல ரஞ்சனி மேடம் ஆபீஸு, இங்க சுவாமிநாதண்ணன் ஆபீஸு, ராசிபுரத்துல கந்தம்மாள் அக்காவோட மகளிர் குழு, ஏற்காடு மலையடியில கொண்டப்பநாயக்கன்பட்டி மாதேஷ் அண்ணனோட இளைஞர் மன்றம். இந்தக் காது மெஷின் திட்டத்துல இருக்கற எல்லாரையும் ஒரே கயித்துல கட்டறதுக்குத்தான் இது வந்துச்சாமே. மொத நாள் ட்ரெய்னிங்ல மேடம் கையக் கட்டிக்கிட்டு, டீம், இனிமே நாம எல்லாரும் ஒரே பேஜ்ல இருக்கணும்னாங்களாம். கந்தம்மாள் அக்கா நோட்டப் பொரட்டிக்கிட்டே எத்தனாவது பேஜுங்கன்னு கேட்டாங்களாம்.

சிரிக்கறீங்க. மேடம் அப்படியேதான் பேசுவாங்க சார். நான் யாரோட கொரல் வேணும்னாலும் பேசுவேன். எங்க ஸ்கூல்ல ஹெச்.எம். கொரல்ல பேசி, ரெண்டாவது பீரியட்லயே ஒரு கிளாஸ வூட்டுக்கு அனுப்பியிருக்கறேன். அத உடுங்க.

மொதல்ல எல்லாத்தையும் டைப் அடிக்கச் சொன்னீங்க. கந்தம்மாள் அக்கா ஒரு பேரு அடிச்சு முடிக்கறதுக்குள்ள தறியில அரைச் சேலை எறங்கிரும். அதனால போன்லயே சொல்லலாம்னு மாத்துனீங்க. காலைல மெஷினே கூப்புட்டு, இந்தப் பணி முடிந்ததான்னு கேக்கும். பதில் எப்படிச் சொல்லோணும்னு அந்தச் செவுத்துல ஒட்டியிருக்குது பாருங்க, அதக் கொஞ்சம் சத்தமாப் படிங்களேன். நான் கண்ணாடி போட்டுக்கிட்டு வரலைங்க.

ஆங். முடிந்திருந்தால் ஆச்சு, முடியாவிட்டால் இல்லை. உங்கள் குரலே உங்கள் கையெழுத்து. அழகாப் படிக்கறீங்க சார். அந்த இல்லைய மட்டும் இன்னொருக்கா? லைய ஒரு இழு இழுக்கறீங்க பாருங்க, கேக்கவே சொகமா இருக்குது. கீழ, போன் போட்டா அடிக்கற ரகசிய நம்பரு எல்லாரோடதும் வரிசையா எழுதியிருக்குதுங்களா? மறந்துரக் கூடாதுன்னு சுவாமிநாதண்ணன்தான் எழுதி ஒட்டுனாரு.

இப்ப விசயத்துக்கு வாரேன். எங்க பக்கம் மேல இருக்கறவங்க கேட்டா, மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு யாரு சொல்லுவாங்க? ஆகட்டுங்கம்போம். அதுக்கு அர்த்தம் சரின்னும் இல்ல, முடியாதுன்னும் இல்ல. வாசல்ல நிக்கறவங்க மனசு நோகாம அனுப்பி வைக்கற வார்த்தை அது. உங்க மெஷினு சென்னையில பொறந்ததுங்களா, அதுக்கு என்ன தெரியும்? ஆன்னு ஆரம்பிச்சா ஆச்சுன்னு எழுதிக்கும்.

மாதேஷ் அண்ணன் வெக்கறதா இருந்த காது டெஸ்ட் கேம்ப் மழையில நடக்கவே இல்ல. மெஷினு கேட்டுச்சு, ஆகட்டுங்கன்னாரு, கேம்ப் நடந்துருச்சு. கந்தம்மாள் அக்கா தெருத்தெருவாப் போயி புள்ளைங்க பேரெடுக்கோணும். ஆகட்டுங்கன்னாங்க, எடுத்தாச்சு. ஒரே மாசத்துல உங்க ஸ்க்ரீனு நாத்து நட்ட வயலாட்டம் ஆயிருச்சு. மேடம் பச்சைக் கலர்லயே கேக்கு வாங்கி வெட்டுனாங்க. எங்களுக்கும் ஒரு துண்டு வந்துச்சுங்க, கலரு நாக்குலயே ஒட்டிக்கிச்சு.

ஆமாங்க, முன்மாதிரி மையம்னு உங்க கடுதாசியும் வந்துச்சு. பிரேம் போட்டு மாட்டியிருக்குது, உங்க தலைக்கு மேலதான்.

இவனுதுக்கு வாரேன். ஆஷிக்குக்கு மெஷின் குடுத்தாச்சான்னு கேட்டிருக்குது. சுவாமிநாதண்ணன் பல்லு வெளக்கிக்கிட்டே ஆகட்டுங்கன்னாரு. குடுத்தாச்சு. நாங்க வந்து கேட்டா, கம்ப்யூட்டர்ல குடுத்தாச்சுன்னு வருது சாமி, நல்லாத் தேடிப் பாருங்க, ஊட்லதான் இருக்கும்னாரு.

அம்மா இவனக் கூட்டிக்கிட்டு ஃபேர்லேண்ட்ஸுக்கே போனாங்க. நானும்தான் போனேன். பொட்டி அங்க அலமாரியிலயே இருக்குது சார், மேல இவன் பேரு எழுதி. மேடமே கையில எடுத்துக் காமிச்சாங்க. காமிச்சுட்டுத் திருப்பி வெச்சுட்டாங்க. இது குடுத்தாச்சும்மா, மறுபடி குடுத்தா ரெண்டு தடவ குடுத்ததா ஆயிரும், ஆடிட்ல நான்தான் பதில் சொல்லணும்னாங்க. அம்மா அந்தப் பொட்டியப் பாத்துக்கிட்டு நின்னாங்க, இவன் மேடம் வாயப் பாத்துக்கிட்டு நின்னான். இன்னும் தள்ளிப் போட்டா இவனுக்குப் பேச்சு வாரதே கஷ்டம்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க.

புகாரா? குடுத்தோமே. புகார் தீர்ந்ததான்னு மெஷினு இவங்களத்தானே கேக்கும். ஆகட்டுங்கன்னாங்க. தீர்ந்துருச்சு.

பச்சையச் செகப்பாக்கோணும்னா, கூட்டு வேலைங்கறதால அஞ்சு பேரும் தனித்தனியாப் போன் போட்டு இல்லைன்னு சொல்லோணுமாம். நாலு பேரு இங்கத்தவங்க. அஞ்சாவது ஆள அப்பறம் சொல்றேன். நாலு பேருகிட்டயும் அம்மா போயி நின்னாங்க. என்ன சொன்னாங்கன்னு நான் சொல்லோணுமா? செகப்பாச்சுன்னா மார்க்கு கொறையுமில்ல.

அதனால நானே போன் போட்டேன்.

தலகாணிய மூஞ்சியோட அணைச்சுக்கிட்டு, மூக்குலயே, ஏனுங்க, நான் சுவாமிநாதன் பேசறனுங்க, இல்லைங்கன்னேன். நன்றி சுவாமிநாதன், உங்கள் குரல் சரிபார்க்கப்பட்டதுன்னுச்சு. மாதேஷ் அண்ணனுக்கு நடுவுல மலை ஏர்ற பஸ்ஸு ஹாரனும் நானே அடிச்சேன். கந்தம்மாள் அக்காவுக்குப் பின்னாடி தறி ஓடோணும், டக்கட டக்கடன்னு நாக்குலயே ஓட்டுனேன். மேடம்தான் சுலுவு, டீம்னு ஆரம்பிச்சாப் போதும்.

மறுநாள் நெசமான சுவாமிநாதண்ணன் போன் போட்டா, உங்கள் குரல் பொருந்தவில்லைங்குது. என் கொரலத்தான் அவரு கொரல்னு பதிஞ்சுக்கிச்சாட்டம் இருக்குது. மனுசன் நடுரோட்டுல நின்னு நாந்தாங்க சுவாமிநாதன்னு கத்துறாரு. டீக்கடைக்காரரு சாட்சி சொல்றேன்னு போன வாங்கிப் பேசுனாரு. அப்பவும் நம்பல. கடைசில எங்கிட்ட வந்து, சாமி, தெனமும் எனக்காக நீயே பேசிருன்னாரு. இப்ப இந்த ஆபீஸுக்கு நான்தான் சுவாமிநாதன். இவரு போண்டா வாங்கறாரு.

நான் மிமிக்ரி பண்ணுனா தெருவே சிரிக்குமுங்க சார். இவனும் சிரிப்பான், ஆனா கொஞ்சம் பின்னாடி. மத்தவங்க வாயெல்லாம் சிரிக்குதுன்னு பாத்துட்டு, அப்பறம் சிரிப்பான்.

அட, கார் வந்துருச்சா. போண்டா இன்னும் வரலைங்களே.

அஞ்சாவது ஆளா? நீங்கதான் சார். உங்களுக்கு மெயில் போட்டா நன்றின்னு தானா ஒண்ணு வருது. உங்க ஆபீஸுக்குப் போன் போட்டா மெயில் போடுங்கங்கறாங்க. உங்க கொரலு எப்படி இருக்கும்னு இந்தச் சேலம், நாமக்கல் பக்கம் ஒருத்தருக்கும் தெரியல. அதான் நீங்க வாரீங்கன்னு தெரிஞ்சதும் ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு வந்தேன். இப்பவே ஒரு போன் போட்டு, செவுத்துல படிச்சீங்களே, அந்த ஒத்த வார்த்தையச் சொல்லிட்டீங்கன்னா சாயங்காலமே பொட்டிய வாங்கிக்குவோம்.

என்னங்க சார்?

ஆகட்டுமா?

பரவால்லைங்க. வந்த அன்னிக்கே எங்க பேச்சக் கத்துக்கிட்டீங்களே, சந்தோசமுங்க. பாத்துப் போங்க, படியில ஒரு கல்லு பேந்திருக்குது. இந்தாங்க, கண்ணாடிய மேசையிலயே உட்டுட்டுப் போறீங்க பாருங்க. என் கண்ணாடிங்களா? நான் கண்ணாடியே போடறதில்லைங்களே.

ஒரு நிமிசம் நில்லுங்க சார், சரியா இருக்குதான்னு மட்டும் கேட்டுட்டுப் போங்க.

க்ஹும். சந்தோஷ்குமார் பேசறேன். இல்லை.

லைய இழுத்தது போதுங்களா? கொஞ்சம் சிரிங்க சார். இவன் உங்க வாயத்தான் பாத்துக்கிட்டு இருக்கறான், நீங்க சிரிச்சாத்தான் இவனுக்குத் தெரியும்.