ஏணியில் ஒரு தட்டல்

இரவுச் சாப்பாட்டுக்கான மீனை நான் காலையிலேயே உறைபெட்டியிலிருந்து எடுத்துக் கிண்ணத்தில் வைத்துவிடுவேன். நீங்கள் காட்டுகிற படத்தில் அடுப்போரம் இருப்பது அதுதான். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் யோஸ்டெயின் சிப்பி எடுக்க முக்குளிப்பவர். போடோ நகரப் போலீஸிலிருந்து வரும் உங்களுக்கு எங்கள் நீரிணை எப்படி ஓடும் என்று தெரிந்திருக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை திரும்பும். திரும்புவதற்கு முன் சில நிமிடம் சும்மா நிற்கும். எலும்பைக் கடிக்கிற அந்தக் குளிரில் இறங்க அந்தச் சில நிமிடம்தான் உண்டு. படகில் இருப்பவர் பாறையோரப் பாசியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பாசி நிமிர்ந்திருந்தால் நீர் நிற்கிறது, சாய்ந்தால் ஓடத் தொடங்கிவிட்டது. கீழே இருப்பவர் கத்தியால் சிலிண்டரில் ஒருமுறை தட்டிக் கேட்பார். பதிலுக்குப் படகின் இரும்பு ஏணியில் ஒருமுறை தட்டினால் இன்னும் நேரமிருக்கிறது என்று அர்த்தம். மூன்று முறை தட்டினால் உடனே ஏற வேண்டும்.

ஆறு வருடங்களுக்கு முன் அங்கே முக்குளிக்க இறங்கிய என் தம்பி ஸ்டைனார் திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்று படகில் இருந்தவர் யோஸ்டெயின். கடல் கொண்டுபோய்விட்டது என்றார், நம்பினேன். போன வாரம் சூப்பின் முன் உட்கார்ந்தவர் திடீரென்று அழுதார்.

"நான் பாசியைப் பாக்கல, ராக்னா. ஓதம் திரும்புற நேரப் பட்டியலைப் பாத்துட்டு ஒருதடவை தட்டிட்டேன். மேல்காத்து அடிச்சா தண்ணி முன்னாடியே திரும்பிடும்னு தெரிஞ்சும் மறந்துட்டேன்."

"போனவன் போயிட்டான். சூப் ஆறுது, குடி" என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். அன்று அவர் குழந்தை மாதிரி தூங்கினார். எனக்குக் கோபமே வரவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை மேல்காற்று அடித்தது. போகலாமா என்று யோசித்தார். பாசியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"நீ மேல இருக்கும்போது எனக்கென்ன பயம்? கடலைவிட நீ பொல்லாதவளாச்சே" என்று சிரித்துவிட்டு இறங்கினார்.

பத்து நிமிடத்தில் கீழேயிருந்து ஒரு தட்டல் கேட்டது. பாசி சாய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கணம்வரை என் மனதில் ஒன்றுமே இல்லை. கை தானாகப் போய் ஏணியில் ஒருமுறை தட்டியது. அவர் செய்த அதே தவறுதான், அதற்குமேல் ஒன்றுமில்லை.

பாலத்தில் தூண்டில் போட்டிருந்தவர்கள் நான் மூன்று மூன்றாகத் தட்டியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். உண்மைதான். அவருடைய குமிழிகள் சுழிக்குள் போன பிறகு தட்டினேன்.

இப்போது நீர் நிற்கும் வேளையெல்லாம் சமையலறைக் குழாயில் ஒரு தட்டல் கேட்கிறது. பயமாக இருக்கிறது. கரண்டியால் மூன்று முறை தட்டுகிறேன். அவர் ஏறி வருவதில்லை. அடுத்த ஓதத்துக்கு மறுபடி கேட்கிறார். அவர்மேல் எனக்கு உயிர். திட்டம் போட்டுச் செய்கிற ஆள் நானில்லை.

அந்தப் படத்தை மறுபடி கொடுங்கள். எப்போதும் இரண்டு துண்டு எடுத்து வைப்பேன், அவருக்கு வால் பக்கம் பிடிக்கும். அன்று காலை, படகுக்குக் கிளம்புமுன், ஒன்றுதான் எடுத்து வைத்திருக்கிறேன்.