சும்மா இருக்கும் கால்

“சும்மா இருக்கிற கால்தான் உண்மையைச் சொல்லும்” என்ற குரல் கேட்டதும் என் காது அங்கே போய்விட்டது. வெள்ளவத்தையில் ரயிலேறிய அண்ணனும் தங்கையும். மறுநாள் அவனுக்கு இரட்டை எஞ்சின் விமானம் ஓட்டும் பரீட்சையாம்; தங்கை கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இடப்பக்க எஞ்சின் நிண்டிட்டுது. என்ன செய்வியள்?”

“பிளேன் இடப்பக்கம் இழுக்கும். வலது காலால பெடலை மிதிச்சு நேராக்குவன். சும்மா இருக்கிற இடது கால் பக்கம்தான் நிண்ட எஞ்சின்.”

“உடனே ஓஃப் பண்ணுவியளோ?”

“சீச்சீ! முதல்ல அதின்ர வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற துரொட்டிலைக் குறைச்சுப் பாப்பன். சத்தம் மாறாட்டி நிண்டது அதுதான், பிறகுதான் ஓஃப்.”

“போனமுறை நல்ல எஞ்சினையெல்லோ நிப்பாட்டிப் பெயிலானியள்?”

“அது கை முந்தினதால, பிள்ளை. நாளைக்கு முந்தாது.”

தங்கை அவனை ஒருகணம் பார்த்தாள்.

“சரி. சண்டையால யாழ்ப்பாணப் பாதைதான் பூட்டிக் கிடக்கே. அங்க இருக்கிற அம்மாவைப் பாக்க நான் உங்கட பிளேனிலதான் வருவன்.”