முன் சக்கரங்கள்

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, சாகிப். எங்கள் பக்கம் உப்பும் வெண்ணெயும் போட்டுத்தான் குடிப்போம். இப்படி இனிப்பாகக் குடித்து நாளாகிவிட்டது.

உங்களுக்கு இது இங்கே முதல் பனிக்காலம் என்று வரும் வழியில் உங்கள் ஆள் சொன்னார். அதனால் ஜீப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய வண்டி அது. சாதாரண ரோட்டில் பின் சக்கரங்கள் இரண்டும்தான் அதைத் தள்ளும். பனி விழுந்துவிட்டால் நான்கும் சேர்ந்து இழுக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கி, முன் சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் இருக்கிற வட்டத் திருகைப் பூட்டும் பக்கம் திருப்ப வேண்டும். பிறகு உள்ளே வந்து சின்னக் கியர்க் கம்பை இழுக்க வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் முன் சக்கரம் சுற்றாது. இரண்டையும் செய்துவிட்டுத் தாழ்ந்த கியரில், பிரேக்கைத் தொடாமல், மாடு நடக்கிற வேகத்தில் போனால் முழங்கால் பனியிலும் அது ஏறும். அவசரப்படுகிறவனைத்தான் பனி கீழே தள்ளும். நான் அவசரப்பட்டதே இல்லை.

எங்கள் கோர்சிங் கிராமத்தில் கணவாய் அடைபடுவதற்கு முன்பே எல்லோரும் குல்லுவுக்கு இறங்கிவிடுவார்கள். வீடுகளுக்கெல்லாம் மண் கூரை. பனியை அவ்வப்போது தள்ளாவிட்டால் கூரை உட்கார்ந்துவிடும். அதனால் ஒருவன் ஊரில் இருக்க வேண்டும். அந்த ஒருவன் நான். முன்பு என் மனைவியும் இருந்தாள். ஒரு வருஷம் அவளும் மற்றவர்களோடு குல்லுவுக்குப் போனாள். பனி உருகியதும் எல்லோரும் திரும்பினார்கள், அவள் திரும்பவில்லை. அங்கே வெயில் நன்றாக இருக்கிறது என்று சொல்லியனுப்பினாள்.

பூட்டிய வீடுகளுக்கு நடுவில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? முதலில் நாய்கள் நம்மைவிட்டுக் கீழே போய்விடும். பிறகு காக்கைகள். தினமும் காலையில் ஜீப்பின் அடியில் தணல் சட்டி வைத்துச் சூடாக்கி, எஞ்சினைக் கிளப்புவேன். எண்ணெய் உறைந்துவிடக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். உண்மையில் அந்தச் சத்தத்துக்காகத்தான். அணைத்த பிறகு வருகிற அமைதி முன்பு இருந்ததைவிடப் பெரிதாக இருக்கும். அதற்குப் பயந்து இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிடுவேன். ஓடும்போது அதனோடு ஏதாவது பேசுவேன்.

இந்தப் பனிக்காலத்தில்தான் தோப்தனும் பல்மோவும் ஊரிலேயே தங்கினார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவர்கள். அவர்களுடைய பசு நிறைசினையாக இருந்தது. அதைக் கணவாய் தாண்டி ஓட்டிப்போக முடியாது என்று இருந்துவிட்டார்கள். நான் யாரையும் இருக்கச் சொல்லவில்லை.

தோப்தன் விளையாட்டுப் பேச்சுக்காரன். நான் அவர்கள் வீட்டுக் கதவைத் திறந்ததுமே ஆரம்பித்துவிடுவான்.

"அண்ணே, காலையில ஜீப்போட என்ன பேச்சு? ரொம்ப நேரம் நடந்துச்சே."

"உன்னப் பத்தித்தான். தின்னு தின்னு குண்டாயிட்டானாம், ஏத்த முடியாதுன்னு சொல்லுது."

"அது ரெண்டு பேரையும் பத்தித்தான் சொல்லியிருக்கும்" என்பாள் பல்மோ. "சூப் ஆறுது, வந்து உக்காருங்க."

மூன்றாவது கிண்ணத்தை அவள் என்னிடம் கேட்காமலே எடுத்து வைப்பாள். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். நான் அப்படிப்பட்டவன். அவள் கேட்காததால்தான் உட்கார்ந்தேன். தகர அடுப்பைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்தால் ஒரு பக்கம்தான் காலியாக இருக்கும். அங்கே விறகு வைப்பாள். சீட்டு ஆடுவோம். தோப்தன் ஏமாற்றுவான், நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பேன். பல்மோ காலுறை பின்னுவாள். ஒரு ஜோடி எனக்கும் பின்னினாள். பாருங்கள், இப்போது போட்டிருப்பது அதுதான்.

பசு கன்று போட்டது. அதற்குப் பிறகு அவர்களுக்கு இங்கே இருக்கக் காரணம் இல்லாமல் போனது.

குல்லுவுக்கு ஆள் ஏற்றிப்போகக் கேலாங்குக்கு ஹெலிகாப்டர் வரும் என்று ரேடியோவில் சொன்னார்கள். தோப்தன் என்னிடம் ஓடிவந்தான். "அண்ணே, வானம் நல்லா வெளுத்திருக்கு. எங்களக் கேலாங்ல இறக்கி விட்டுருங்க. குல்லுவில இவ அம்மா வழி பாத்துட்டு இருக்கும். பசுவ நீங்க பாத்துக்குவீங்கல்ல?"

சரி என்றேன். சொல்லும்போது உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காலையில் வண்டியைக் கிளப்பினேன். மூட்டைகளை ஏற்றினார்கள். ஊரைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒரு ஏற்றம் இருக்கிறதே, நீங்கள்கூட நேற்று அங்கே வழுக்கினீர்கள். அதற்குக் கீழே நிறுத்தி, இறங்கி, முன் சக்கரத்தின் அருகில் போய்க் குனிந்தேன். திருகின்மேல் விரல் வைத்தேன். வைத்துவிட்டு, திருப்பாமலே எடுத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்துச் சக்கரத்திலும் அப்படியே. பிறகு உள்ளே ஏறிக் கம்பை இழுத்தேன். எஞ்சின் கத்தியது, பின் சக்கரங்கள் வெறுமனே சுழன்று பனியை வாரி இறைத்தன, வண்டி நின்ற இடத்திலேயே பின்பக்கத்தை ஆட்டியது.

"நாலு சக்கரம் போட்டும் ஏறலப்பா" என்றேன். "இன்னிக்கி ரோடு விடாது."

தோப்தன் சிரித்தான். "நான் குண்டுன்னு சொன்னது நெஜந்தான் போல" என்றான். திரும்பி வந்தோம். பல்மோ கட்டிய மூட்டையைப் பிரித்து மாவு எடுத்து ரொட்டி சுட்டாள். அன்றைக்கு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். நல்ல நாள் அது. நான் எதையும் செய்யவில்லை, சாகிப். செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டேன், அவ்வளவுதான். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. மறுபடி ஹெலிகாப்டர் வரத்தான் போகிறது.

அது வருவதற்குள் தோப்தனுக்கு வயிற்றுவலி வந்துவிட்டது.

முதலில் தொப்புளைச் சுற்றி வலி. பிறகு வலது பக்கம் கீழே இறங்கிவிட்டது. வாந்தி எடுத்தான், உடம்பு கொதித்தது. பல்மோ செருப்புகூடப் போடாமல் பனியில் என் வீட்டுக்கு ஓடிவந்தாள். "அண்ணே, வண்டிய எடுங்க. எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரணும்."

எடுத்தேன். அவனைப் பின்னால் கம்பளியில் படுக்க வைத்தோம். ஏற்றத்துக்குக் கீழே மறுபடியும் இறங்கினேன், மறுபடியும் குனிந்தேன்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். கேலாங் ஆஸ்பத்திரிக்குப் போனால் அவனை ஹெலிகாப்டரில் ஏற்றிவிடுவார்கள், கூடவே அவளையும். வயிற்றுவலி என்பது எல்லோருக்கும் வருகிறது, போகிறது. போனவர்கள்தான் வருவதில்லை. இவ்வளவுதான் நினைத்தேன். அந்த இடத்தில் நின்றபோது அது நியாயமாகத்தான் பட்டது.

பல்மோ மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய்ப் பனியை வெட்டினாள். நான் எஞ்சினை முடுக்கினேன். அவள் நிமிர்ந்து சக்கரத்தையே பார்த்தாள்.

"அண்ணே, முன் சக்கரம் சுத்தவே இல்லையே."

"பனி கவ்விக்கிட்டா அப்படித்தாம்மா. நீ பின்னாடி வந்து தள்ளு."

தள்ளினாள். நானும் இறங்கிக் கையாலேயே பனியை வாரினேன். விரல் தோல் உரிந்துவிட்டது, பாருங்கள், இன்னும் ஆறவில்லை. அவன் அண்ணன் தம்பி இருந்திருந்தால்கூட அப்படிப் பாடுபட்டிருக்க மாட்டார்கள். கடைசியில் பல்மோ அழுதுகொண்டே வண்டியின் பலகையைக் கையால் அடித்தாள். உள்ளே இருந்து தோப்தன்தான் சொன்னான்: "விடு பல்மோ. அண்ணனப் போட்டு வாட்டாத. வண்டி போகாட்டி அவர் என்ன பண்ணுவாரு?"

அவன் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மறுநாள் பலகையில் கிடத்தி இழுத்துக்கொண்டு நடந்தே போகலாம் என்றாள். சரிவிலிருந்து பனி இறங்கி மூன்று பேரையும் மூடிவிடும் என்று சொன்னேன். வெயில் ஏறிய பிறகு இறங்கவும் கூடும், அது பொய்யில்லை. அதற்குள் அவனுடைய வலி சட்டென்று நின்றுவிட்டது. எழுந்து சாய்ந்து உட்கார்ந்தான், இரண்டு கரண்டி சூப் குடித்தான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. "பாத்தியா, நான் சொல்லல?" என்று பல்மோவிடம் சொன்னேன். குடல்வால் வெடித்தால் வலி அப்படி நின்றுபோகும் என்று உங்கள் டாக்டர் நேற்றுச் சொன்னார். முதல் நாளே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார். படித்தவர், சரியாகத்தான் இருக்கும்.

பிறகு வயிறு பலகைபோல் ஆனது. அவன் பேச்சும் குறைந்தது. "அண்ணே, ஒரு ஆட்டம் போடலாமா?" என்று ஒருமுறை கேட்டான். சீட்டைக் கலைத்துக் கொடுத்தேன். எடுக்கக் கை வரவில்லை. அன்றைக்கே போய்விட்டான்.

மந்திரம் சொல்ல லாமா இல்லை. நானே வெண்ணெய் விளக்கு ஏற்றினேன். தெரிந்த நாலு வரியைச் சொன்னேன். அவனைக் குளிர்ந்த தானிய அறையில் வைத்தோம். நான் அழுதேன், அதுவும் உண்மைதான். பசுவுக்குத் தீனி, கூரைப்பனி, விறகு, தண்ணீர் எல்லாம் நானே பார்த்தேன். பல்மோ ஒரு வேலையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பனிக்காலம் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. அதை நினைத்தபோது மனசு கொஞ்சம் சமாதானமானது. இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். நீங்கள் மரியாதையாகக் கேட்டதால் சொல்கிறேன்.

அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் எனக்குக் கிண்ணம் வைத்தாள். எதிரே உட்கார்ந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். துக்கம் என்று நினைத்தேன்.

ஊரின் மேல்கோடியில் ஒரு கூரையில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது என் வீட்டுப் பக்கம் புகை தெரிந்தது. ஜீப்பின் அடியில் தணல் சட்டி. சாவியை நான் வண்டியைவிட்டு எடுப்பதே இல்லை, எடுப்பதற்கு யார் இருந்தார்கள்? அவனைக் கம்பளியில் சுற்றிப் பலகையில் வைத்து அவளே இழுத்து வந்திருந்தாள். எப்படித் தூக்கி ஏற்றினாள் என்று எனக்கு இப்போதும் புரியவில்லை. பிறகு முன் சக்கரத்தின் அருகில் போய்க் குனிந்தாள். தடவிப் பார்த்தாள். திருப்பினாள். சுற்றி வந்து மற்றதையும் திருப்பினாள். எழுந்து கொஞ்ச நேரம் அப்படியே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் அதற்குமுன் வண்டி ஓட்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான். இரண்டு முறை அணைந்தது, மூன்றாம் முறை நகர்ந்தது. ஏற்றத்தில் மெதுவாக, பிரேக்கைத் தொடாமல், நான்கு சக்கரமும் பனியைக் கடித்துக்கொண்டு ஏறியது. வளைவில் ஒருமுறைகூடப் பின்பக்கம் ஆடவில்லை. என்னைவிட நன்றாகவே ஓட்டினாள் என்று சொல்ல வேண்டும். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். என்னவென்று கூப்பிடுவது? சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் போய்த் தேய்கிற வரையில் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் இங்கே வந்து உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. ரோடு அடைபடவில்லை. முதல் நாளும் இல்லை, அவன் வலியில் துடித்த நாளிலும் இல்லை. கோர்சிங் அங்ரூப் என்கிற நான் தெரிந்தே செய்தேன், அதனால்தான் தோப்தன் செத்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

நீங்கள் வந்தபோது நான் அவள் வீட்டுக் கூரையில்தான் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். பசுவும் கன்றும் நன்றாக இருக்கின்றன. இதை மட்டும் அவளிடம் சொல்லுங்கள்.

என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்றாளாமே, உங்கள் ஆள் சொன்னார். கோபம். இருக்கட்டும், தணிந்ததும் வருவாள். சொந்த மனிதர்களிடம்தானே சாகிப், கோபித்துக்கொள்வார்கள்.