கீழ் வீட்டுக் குழாய், மேல் வீட்டுக் கதவு

அட, அந்த நோட்டீசப் பாத்தா பயந்துட்ட? வருசா வருசம் மழைக்கு முன்னால ஒட்டறதுதான் கண்ணு. பெங்காலியில ஒண்ணு, இந்தியில ஒண்ணு, இங்கிலீசுல ஒண்ணு. ஹௌராப் பக்கம் இந்த சாந்த்ராகாச்சியில தமிழ்ல எவன் ஒட்டப் போறான்? தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடி, சாக்கடையில குப்பையக் கொட்டாத, ஆஸ்பத்திரிக்கு வந்து காலரா ஊசி போட்டுக்க, இதான் அதுல இருக்கு. எல்லாம் சரிதான். ஆனா இந்த ரயில்வே காலனியில பொழைக்கறதுக்கு வேண்டியது எதையும் அதுல எழுத மாட்டாங்க. பக்கெட்ட குழாய்க்கு அடியில வை. அது ரொம்பறதுக்குள்ள நான் சொல்லிடறேன்.

என்னத்துக்குக் கூச்சம்? நீ ஒண்ணும் ஓசியில புடிக்கல. இங்க குழாய்த் தண்ணி மாடிக்கு ஏறாது பூங்கோதை, அவ்ளோதான் அதுக்குத் தெம்பு. அதனால வருசம் பூரா மேல் வீட்டுக்காரங்க கீழ வந்து புடிச்சுக்குவாங்க. மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்தா கீழ் வீட்டுக்காரங்க மேல ஏறிடுவோம். அரிசி டின்னு, மெத்தை, டிரங்குப் பொட்டி, ஆளு, எல்லாம். யாரும் யாரையும் கேக்கறதில்ல. அந்தக் கோடி வீட்டு கோஷ் பௌதிக்கும், பௌதின்னா இங்க அண்ணி, அவங்க மேல் வீட்டு பீகார்க்காரிக்கும் எப்பப் பாத்தாலும் சண்டை. மாசக்கணக்குல பேசிக்க மாட்டாளுங்க. ஆனா தண்ணி வாசப்படி ஏறிச்சுன்னா, மூஞ்சத் திருப்பிக்கிட்டே கதவத் தொறந்து விடுவா அந்த பீகார்க்காரி. அதுதான் இங்க வழக்கம்.

கட்டிலுக்கு அடியில செங்கல்லான்னா கேக்கற? செங்கல்லுதான். இந்த ஊர்ல கீழ் வீட்ல இருக்கறவங்க எல்லாருமே கட்டிலத் தூக்கித்தான் போட்டிருப்பாங்க. எங்களுது கூடுதல் ஒசரம். அவர் படுத்தே கெடக்கறாருல்ல, அதனால. உள்ள படுத்திருக்கறது எங்க வீட்டுக்காரரு, சிதம்பரம். ரயில்வே யார்டுல தண்டவாளம் மாத்தி விடற பாயிண்ட்ஸ்மேனா இருந்தாரு. வாதம் அடிச்சு வலது பக்கம் அப்படியே போயிடுச்சு. பேச்சு கொஞ்சம் குழறும், ஆனா புத்தியெல்லாம் தெளிவு. வேலைய இப்ப பையன் உத்தமன் பாக்கறான். அவன் லைன்ல போனா எப்ப வருவான்னு சொல்ல முடியாது. வீட்ல நானும் அவரும்தான்.

சரி, கேட்டுக்க. கரி உருண்டைய இந்த வெயில்லயே காயவெச்சு மாடியிலயே அடுக்கிடு, மழையில நனைஞ்சா அடுப்பு பத்தாம பொகைஞ்சு கண்ணப் புடுங்கும். மண்ணெண்ணெய் எங்க ஊத்தறாங்கன்னாலும் போயி நின்னு வாங்கி வெச்சுக்க. லோட்ஷெட்டிங்னு கரண்ட நிறுத்துவாங்க, எப்ப வரும், எப்ப போவும்னு அந்த ஆண்டவனுக்கே தெரியாது. அரிக்கேன் விளக்கத் தொடச்சுத் தயாரா வை. மாடிப்படிக்கு அடியில கைய விடாத, மழைக்குப் பாம்பு வந்து ஒதுங்கும். அப்புறம், துர்கா பூஜைக்கு சந்தா கேட்டு பாராப் பசங்க, அதான் இந்தத் தெருப் பசங்க, வருவானுங்க. அதிகாரமாத்தான் கேப்பானுங்க. மூஞ்சச் சுளிக்காம முடிஞ்சதக் குடுத்துடு. எழுபத்தெட்டு வெள்ளத்துல எங்களுக்குத் தோள் குடுத்தது அவனுங்கதான். வேற யாரும் இல்ல.

யாரு, பாகீரதியா? அந்தப் பேர உனக்கு யாரு சொன்னது? ஓ, கோஷ் பௌதியா. அவங்களுக்கு வாய் சும்மா இருக்காது. ஆமா, உனக்கு முன்னால உன் வீட்ல இருந்தவதான். நாக்பூருக்கு மாத்திட்டுப் போயிட்டாங்க. சினேகிதமாவா? தொண்டைக்குள்ள இருக்கறத எடுத்துக் குடுக்கற மாதிரி பழகினோம் போ. இதே குழாய்ல, இதே மாதிரி பக்கெட்ட வெச்சிட்டு, இதே கல்லு மேல உக்காந்துதான் பேசுவா. அவ பொண்ணு வசந்திக்கு அம்மை போட்டப்ப வேப்பிலையோட கூடவே கெடந்தவ நான்தான்.

உங்க கதவுல உள்பக்கம் ஒரு பெரிய தாழ்ப்பாள் இருக்குமே, இருக்கா? ம்... இருக்கும் இருக்கும். அத எங்க போயி எடுத்துட்டுப் போவா.

எதுக்குக் கேட்டேனா? சும்மாதான். சும்மா இல்ல. சரி சொல்றேன், நீயும் தெரிஞ்சுக்கறது நல்லது.

அந்த வெள்ளத்தன்னிக்கு வசந்திய பொண்ணு பாக்க நாக்பூர்லேந்து வந்திருந்தாங்க. நல்ல எடம். கேசரி கிண்டினது யாருன்ற? நான். அந்தப் பொண்ணுக்குத் தலை பின்னிப் பூ வெச்சது நான். உத்தமன் லைன்ல போயிருந்தான், அவர் தனியா இருக்காரேன்னு சீக்கிரமே கீழ எறங்கி வந்துட்டேன். மழை கொட்டுது, அப்படி ஒரு மழைய நான் பொறந்ததுலேந்து பாத்ததில்ல. வந்தவங்க கெளம்ப முடியாம மேலயே தங்கிட்டாங்க. சாயந்தரம் தண்ணி வாசப்படி ஏறுது. அப்பவும் நான் பதறல. மேல பாகீரதி இருக்கா, எனக்கென்னன்னு அரிசி டின்ன மட்டும் அலமாரி மேல தூக்கி வெச்சேன். பாத்துட்டே இருக்கேன், செங்கல்லு முழுகிடுச்சு. கட்டில் சட்டத்தத் தண்ணி தொடுது. இவரு ஒரு கையால என் முந்தானையப் புடிச்சுக்கிட்டு, மேல போயிடலாம் நீலான்றாரு.

ஓடினேன் மேல. கரண்ட் இல்ல. கதவுக்கு அடியில இடுக்கு இருக்கு பாரு, அதுல அரிக்கேன் வெளிச்சம் நல்லாத் தெரியுது. தட்டினேன். பாகீரதி, தண்ணி ஏறிடுச்சு, அவரத் தூக்கணும், ஒரு கை குடுக்கச் சொல்லு உங்க வீட்டுக்காரரன்னேன். உள்ள பேச்சு நின்னுச்சு. மறுபடி தட்டினேன். அந்த வெளிச்சம் மெதுவா கொறைஞ்சுது கண்ணு. திரியத் தணிக்கறா. அப்புறம் அதுவும் இல்ல. இருட்டு. அந்தத் தாழ்ப்பாளப் போடற சத்தம் கேட்டுச்சு. அவ வளையல் சத்தம் எனக்குத் தெரியாதா? அவ வளைகாப்புக்கு நான் போட்ட வெள்ளி வளையலாச்சே அது.

ஏன்னு நான் எதுக்குக் கேக்கணும்? எனக்கேதான் தெரியுமே. சம்பந்தம் பேச வந்தவங்க நடுவுல, கை கால் வராதவர, மூத்திர வாடையோட கொண்டாந்து கெடத்தினா சகுனம் என்னாவும், பொண்ணு என்னாவா. அதானே? நான் பொண்ணப் பெக்கல, பெத்திருந்தா நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேனோ என்னவோ. இல்ல. நெனச்சிருக்க மாட்டேன். பாவி, கதவ ஒரு விரல் தொறந்து, முடியாது நீலான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வயித்தெரிச்சலோட போயிருப்பேன், அவ்ளோதான். ஆளே இல்லாத மாதிரி இருந்தா பாரு, அதத்தான் என்னால இன்னிக்கும் தாங்க முடியல.

அப்புறம் என்ன, ரோட்டுல நின்னு கத்தினேன். பூஜைப் பசங்கதான் ஓடி வந்தானுங்க. பந்தலுக்கு வெச்சிருந்த பலகையில இவரப் படுக்க வெச்சு, நெஞ்சளவு தண்ணியில ஸ்கூல் மாடிக்குத் தூக்கிட்டுப் போனானுங்க.

தண்ணி வடிஞ்சு வீட்டக் கழுவிட்டு இருக்கேன், பக்கெட்டோட வந்து நிக்கறா பாகீரதி. ஒண்ணும் நடக்காத மாதிரி. கதவச் சாத்தத் தெரியாதா எனக்கு? நகந்து நின்னேன், புடிச்சுக்கிட்டுப் போனா. அன்னிலேந்து மாத்திட்டுப் போற வரைக்கும் புடிச்சா. நானும் பேசல, அவளும் பேசல. அந்தக் கல்யாணம் நடந்துச்சு. வசந்தி நல்லா இருக்கட்டும், அது கொழந்த, அதுக்கு என்ன தெரியும்.

அழாத. உன்ன அழ வெக்கவா சொன்னேன்? உங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். இந்த வருசமும் தண்ணி வரும், நான் வந்து தட்டுவேன். ஆகலன்னா ஆகலன்னு உள்ள இருந்தே சத்தமாச் சொல்லிடு, நான் பசங்களக் கூப்புட்டுக்கறேன். விளக்க மட்டும் தணிக்காத.

பக்கெட் ரொம்பி வழியுது பாரு, குழாய மூடு. உள்ள வந்து அவர ஒரு தடவ பாத்துட்டுப் போ, மேல யாரோ வந்திருக்காங்கன்னு காலையிலேந்து கேட்டுட்டே இருக்காரு. வந்ததும் பாகீரதிய விசாரிப்பாரு. நல்லா இருக்காங்கன்னு சொல்லு, சரியா? உங்களக் கேட்டாங்கன்னும் சொல்லு.

அவருக்குத் தெரியாது கண்ணு. பொண்ணு பாக்க வந்தவங்கள வண்டியேத்தப் போயி, பாகீரதி வீட்ல எல்லாரும் ஹௌராவுல மாட்டிக்கிட்டாங்க, வீடு பூட்டியிருக்குன்னு அன்னிக்குப் படியெறங்கி வந்ததுமே சொல்லிட்டேன். ஊருக்குப் போறப்ப சொல்லிட்டுப் போக வந்தா அவ. இவரு அந்த ஒரு கையால அவ கையப் புடிச்சுக்கிட்டு, நீ மட்டும் அன்னிக்கு வீட்ல இருந்திருந்தா என்னத் தோள்ல போட்டாவது மேல ஏத்தியிருப்ப தங்கச்சின்னாரு. அவ என்னப் பாத்தா. நான் சொவத்தப் பாத்தேன். ஆமாண்ணேன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

வா, செருப்ப இப்படி விட்டுட்டு வா.