கழுதையும் குட்டிச்சுவரும்

...மிஷின்னா சொன்ன பேச்சு கேக்கணும் தம்பி! இது என்னடான்னா, என் வீட்டுக்காரி கை வெச்சா பூனைக்குட்டி மாதிரி குர்ருங்குது, நான் கை வெச்சா மொறைக்குது. வாங்க, வாங்க, கதவு தொறந்துதான் இருக்கு. எந்திரிச்சு வரலைன்னு தப்பா நினைக்காதீங்க... முட்டி வலி. நீங்கதானே தையல் மிஷின் மெக்கானிக்? மிஷின்ல அவ ஒட்டி வெச்சிருந்த நம்பருக்குப் பேசிட்டு இப்பதான் போனை வெச்சேன், காது சூடு கூட ஆறல, வாசல்ல நிக்கிறீங்களே! இந்தச் சுறுசுறுப்பு எங்க பஸ் டிப்போவுல ஒருத்தனுக்கு இருந்திருந்தா நான் ஏன் கத்திக் கத்தித் தொண்டையக் கெடுத்துக்கிட்டிருப்பேன்? டைம் கீப்பரா இருந்தேன். நான் விசில் ஊதாம ஒரு பஸ் நகராது. இப்ப இந்த வீட்டுல... அதோ, பாத்தீங்களா ஜன்னல் வழியா? அந்தப் பச்சை பஸ். லேட்டு! தினம் லேட்டு. யாருக்காவது வெக்கமிருக்கா?

அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. துணித் துண்டு கிடக்கா? தள்ளிடுங்க. ஐயோ, கீழ தள்ளாதீங்க! நகத்தளவு துண்டு காணாமப் போனாலும் கண்டுபிடிச்சிடுவா. இங்க கட்டில், சோபா, சாப்பாட்டு மேஜை எல்லாம் துணிக்கு. மனுஷன் நிக்க வேண்டியதுதான். அடுப்படியில டீ இருக்கு, நீங்களே ஊத்திக்குங்க. எனக்கும் ஒரு டம்ளர்... கையிலயே குடுத்திடுங்க. முட்டி வலி, சொன்னேன்ல.

மடியில என்னவா? அது துண்டு. சும்மா போட்டிருக்கேன். மிஷினைப் பாருங்க, மடிய எதுக்குப் பாக்கறீங்க?

என்ன ஆச்சுன்னு ஆரம்பத்துலேருந்து சொன்னாத்தானே புரியும்? இவ ஒரு துணிப்படம் பண்றா. பசைத்தாள்னு ஒண்ணு இருக்கு தம்பி, ஒரு பக்கம் காகிதம், ஒரு பக்கம் பசை. காகிதத்துல வரைஞ்சு, துணியோட பின்பக்கம் வெச்சு அயர்ன் பாக்ஸால தேச்சு, வெட்டி, காகிதத்தை உரிச்சுட்டு, இன்னொரு பெரிய துணி மேல வெச்சு மறுபடி தேச்சா... பச்சுன்னு ஒட்டிக்கும். ஆனா தலைகீழ் கணக்கு அதுல. இடது பக்கம் பாக்கற மாதிரி வரைஞ்சா, ஒட்டறப்போ வலது பக்கம் பாக்கும்! முதல்ல பண்ணினப்போ அதை மறந்துட்டா. ஒரு குட்டிச்சுவரு, பக்கத்துல ஒரு கழுதை, அது ரோட்டைப் பாக்கணும். ஒட்டி முடிச்சுப் பாத்தா, ரோட்டுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டு சுவத்தோட பேசிக்கிட்டிருக்கு! நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. தூக்கிக் கடாசிட்டு இன்னொண்ணு பண்ணினா. அது பிரமாதமா வந்துச்சு, அப்படியே ரோட்டைப் பாத்து நின்னுச்சு. நாளைக்கு நூலகத்துல கண்காட்சி. ஊரே பாக்கப் போகுது.

அப்ப நான் ஒரு வார்த்தை சொன்னேன். ஒரே வார்த்தை. "வெறும் ஒட்டுதானே, சைக்கிள் ட்யூபுக்குப் போடறானே, அந்த மாதிரி. ஒரு தையலாவது போட வேண்டாமா?"ன்னு. அவ்வளவுதான். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை"ன்னு சொல்லிட்டுப் பேச்சை நிறுத்தினவ, இன்னிக்குக் காலையிலதான் வாயத் தொறந்தா. என்ன சொன்னா தெரியுமா? "மிஷின் மேல படம் இருக்கு. தொட்டீங்கன்னா பாருங்க." ஒரு நீளப் பையத் தோள்ல மாட்டிக்கிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. சாயங்காலம் வந்துடுவா. அதுக்குள்ள நீங்க இதைச் சரி பண்ணலைன்னா... தம்பி, இந்த வயசுல நான் எங்க போவேன் சொல்லுங்க?

தொடலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன். ஜன்னல்ல நின்னேன். பேப்பரை மூணாந்தடவை படிச்சேன். அப்புறம் ஒரு ஓரத்துல, சின்னதா, வாலுக்கு மட்டும் ஒரு தையல் போட்டு வெப்போம், வந்து பாத்தா மனசு குளிரும்னுதான். சத்தியமா நல்ல எண்ணந்தான்! என் வாயால வந்த கோவம், என் கையால போகட்டும்னு நினைச்சேன்.

வால் நல்லாத்தான் வந்துச்சு. அதான் கெடுதல். வால் நல்லா வந்தா முதுகு விடுமா? போனேன். பாதியில ஊசி பசையில மாட்டி நூல் அறுந்துச்சு. கோத்தேன், அறுந்துச்சு. ஊசியில எண்ணெய் தடவினா வழுக்கிக்கிட்டுப் போகும்னு என் மூளை சொல்லிச்சு... ஆமா, அந்தக் கறை அதான். கழுதைக்கு வேர்த்திருக்குன்னு வெச்சுக்கலாம். அப்புறம் அந்தக் குமிழைத் திருகினேன், வளைஞ்சு வளைஞ்சு பல்லுப்பல்லா தெச்சுச்சு. கழுதையோட வயிறு சுருங்கிப் போச்சு. கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதைன்னு சும்மாவா சொன்னாங்க? என் கண்ணு முன்னாடி தேஞ்சுச்சு தம்பி!

விட்டிருக்கணும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம்னு எழுந்து போயிருக்கணும். ஆனா அவ ஒண்ணு பண்ணுவா, பாத்திருக்கேன். துணிய இழுக்கற பல்லு அடியில இருக்குல்ல, அதை இறக்கிட்டு, துணியக் கையாலயே இப்படி அப்படி நகத்துவா. பேனாவை அசைக்காம தாளை அசைச்சு எழுதற மாதிரி. நானும் பல்லை இறக்கினேன். பெடலை மிதிச்சேன். ஆகா... அந்த ஒரு நிமிஷம் இருக்கே! காதைச் சுத்தினேன், கழுத்துல இறங்கினேன், மூக்கு நுனியிலேருந்து ஒரே தாவுல சுவத்துல ஏறினேன். டிப்போவுலேருந்து ஒரு பஸ்ஸ நானே ஓட்டிக்கிட்டு வெளிய வந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம்தான் டொக்குன்னு நின்னுடுச்சு.

என்ன? குட்டிக் கால்னு ஒண்ணு இருக்கா, துணிய அழுத்திப் பிடிக்கறதுக்கு? அதை இறக்காமலே தெச்சிருக்கேனா? அதான் அடியில நூலெல்லாம் குருவிக்கூடு கட்டியிருக்கா? இதை யார் எனக்குச் சொன்னா! மிஷின் சொல்லக் கூடாதா? ஒரு மணியாவது அடிக்கக் கூடாதா?

தள்ளி உக்காரணுமா? அது வந்து... முட்டி வலி... சரி, மறைச்சு என்ன ஆகப் போகுது. துண்டை எடுங்க. பாத்துட்டீங்களா? என் சட்டை நுனி தம்பி. குனிஞ்சு தெச்சேனா, அதுவும் உள்ள போயிடுச்சு. ஊசி, சட்டை, கழுதை, சுவரு, மிஷின்... எல்லாரும் ஒண்ணாயிட்டோம். காலையிலேருந்து இப்படியே உக்காந்திருக்கேன். பிரிக்கலாம்னு பாத்தா பசையோட துணியும் பிஞ்சுக்கிட்டு வருது. படத்தை வெட்டினா அவ என்னை வெட்டுவா. சட்டைய வெட்டலாம்னா, நான் டிப்போவ விட்டு வந்த அன்னிக்கு அவ தெச்சுக் குடுத்தது. கழுதை கெட்டா குட்டிச்சுவரும்பாங்க. நான் கெட்டு ரெண்டோடயும் சேந்துட்டேன்.

என்ன சிரிக்கிறீங்க? ஒரு மனுஷன் குடும்பமே போச்சுன்னு உக்காந்திருக்கேன்... என்ன? கழுதை எந்தப் பக்கம் பாக்குதா? இது ரொம்ப முக்கியமா இப்ப? சுவத்தைத்தான் பாக்குது... சுவத்தையா?

தம்பி! இது முதல் கழுதை! அவ கடாசினது! அப்ப நல்ல கழுதை... அந்த நீளப் பை! அதுல சுருட்டிக்கிட்டுப் போயிட்டாளா? அடேயப்பா... உயிரு வந்துச்சு. மறுபடி சொல்லுங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?

காலையிலயே உங்களுக்குப் போன் பண்ணினாளா? நான் கூப்பிடறதுக்கு முன்னாடியே எங்க தெருமுனை டீக்கடையில வந்து உக்காந்திருந்தீங்களா? இதுல நான் வேற டீ குடுத்தேன்! என்ன சொன்னா? விடாம சொல்லுங்க. "கெட்டுப்போன படத்தைத்தான் மிஷின் மேல வெச்சிருக்கேன். தொடாதீங்கன்னு சொல்லிட்டுப் போறேன், அதனால கண்டிப்பாத் தொடுவாரு. ஊசி உடைஞ்சா மாத்திக் குடுங்க, ரெண்டு தையல் பழக்கி விடுங்க. எத்தனை நாளைக்குத்தான் அவரும் ஜன்னல்ல நின்னு பஸ்ஸுக்கு டைம் பாத்துக்கிட்டிருப்பாரு..."



அதையெல்லாம் பாத்திருக்காளா? நான் அவ துணிய மட்டும்தான் பாக்கறான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். எனக்குக் கஷ்டமா இருக்கு தம்பி. சந்தோஷமாவும் இருக்கு. என்ன ஒரு கள்ளி பாருங்க!

சரி, சரி, அந்தக் கத்திரிய எடுங்க. அது காகிதக் கத்திரி, வெச்சிடுங்க, கொன்னுடுவா. பெரிசு, கறுப்புப் பிடி. ஆங், அதான். பாத்து... பாத்து... ஏய், ஏய், எங்க கொண்டு போறீங்க? சுவத்துப் பக்கம் ஏன் வெட்டறீங்க? வேண்டாத துணிதானேன்னா கேக்கறீங்க? நல்லா இருக்கே கதை! சட்டைய வெட்டுங்க தம்பி. சட்டை அவ இன்னொண்ணு தெச்சுக் குடுப்பா. இந்த மாதிரி ஒரு கழுதைய அவளால தலைகீழா நின்னாலும் தைக்க முடியாது!