மேனேஜருக்குச் சூடு ஏறாத நாள்

அன்று அறையிலும் வெளியிலும் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வந்திருந்தவர்களில் ஒருவரை விட்டுவிட்டுப் பேசினால் எங்கள் குடும்பத்தில் அது மனக்கசப்பில் போய் முடியும். மெஷினின் திரைக்கு முன்னால் என் மருமகள். மூச்சைக் கவனிக்க நர்ஸ். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, கைப்பையை மார்போடு அணைத்தபடி என் தங்கை. அவளுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு, தான் நின்றுகொண்டிருந்த என் மகன். மேசைமேல் மயக்கத்தில் மேனேஜர். மேனேஜரின் தலைமாட்டில் நான்.

மேனேஜர் என் தங்கையின் நாய். யார் வேலை செய்தாலும் எதிரே உட்கார்ந்து, தான் ஒன்றும் செய்யாமல், குறை கண்டுபிடிப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் அந்தப் பெயர். கணவர் போன பிறகு என் தங்கையோடு அந்த வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். அதை நான் மறக்கவில்லை. எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்த்துத்தான் செய்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

விசாரிக்க வந்திருக்கும் உங்களுக்கு என்னைத் தெரியாமல் இருக்காது. விலங்கு மருத்துவமனையின் வாசலில் இன்றும் என் பெயர்ப் பலகைதான் தொங்குகிறது. மாட்டின் வயிற்றையும் கிளியின் இறக்கையையும் இதே கையால் தைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு அந்த நாற்காலி என் மகனுக்கு வந்தது. பின்புறத்தில் பழைய சாமான்கள் கிடந்த அறையை ஒழித்து, வெள்ளையடித்து, என் மருமகள் ஆரம்பித்ததுதான் இந்தச் சூட்டு வைத்தியம். அவளும் இதே படிப்புப் படித்தவள். நான் தடுக்கவில்லை. அறை சும்மாதான் கிடந்தது.

மேனேஜரின் கழுத்தில் ஒரு பக்கம் கட்டி கிளம்பியது. என் மகன் தொட்டுப் பார்த்தான், துளி எடுத்துப் பரிசோதித்தான், பிறகு என் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, உங்ககிட்ட மறைக்க முடியல. இது புத்துநோய். கத்தி வைக்க முடியாத இடம். இது தேறாது. கஷ்டப்படாம அனுப்பி வச்சிடலாம்," என்றான்.

அவன் அதைத் தணிந்த குரலில் சொன்னான். நான்தான் நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னேன். காலையில் என்னோடு நடப்பவர்களிடம் சொன்னேன். சம்பந்தி வீட்டாரிடம் சொன்னேன். மருந்துக்கடைக்காரர் கேட்காமலேயே அவரிடமும் சொன்னேன். என் மகன் சொல்லிவிட்டான், இனி அந்த நாய்க்கு நாள் கிடையாது என்றேன். எங்கள் வீட்டில் நோயைப் பற்றிச் சொன்ன சொல் பிசகியதில்லை. பிசகிய ஓரிரண்டும் வெளியே போனதில்லை.

அப்புறம்தான் மருமகள் வாயைத் திறந்தாள். ஒரு முறை முயன்று பார்க்கலாமா என்று என் தங்கையிடம் கேட்டாள். "தங்கத் தூள், அத்தை. கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு பொடி. ரத்தத்துல ஏத்தினா அது கட்டிக்குள்ள போய்ச் சேர்ந்துக்கும். அப்புறம் வெளிச்சத்தைக் காட்டினா தங்கம் இருக்கிற இடம் மட்டும் சூடாகும். கட்டி வெந்துடும், சுத்தி இருக்கிறது தப்பிச்சிடும்."

என் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் கல்யாணத்துக்கு அண்ணன் போட்டது ஒத்தைச் சங்கிலி. இதுக்கு உடம்பெல்லாம் தங்கமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாகத்தான் ஞாபகம்.

கட்டி சுருங்கியது. ஒவ்வொரு முறை வெளிச்சம் காட்டிய பிறகும் இன்னும் கொஞ்சம் சுருங்கியது. நாய் சாப்பிட ஆரம்பித்தது, பழையபடி எதிரே உட்கார்ந்து எல்லோர் வேலையையும் மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தது. பூங்காவில் பேங்க் ஆபீசர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், நாக்கிலிருந்து ஓய்வுபெறாதவர், எல்லோர் முன்னாலும் என்னை நிறுத்தினார். "என்ன சார், உங்க பையன் நாள் குறிச்ச நாய் நேத்து என் செருப்பைத் தூக்கிட்டு ஓடுது?"

அதற்குப் பிறகு நான் பூங்காவுக்குப் போகவில்லை.

மகனைக் கூப்பிட்டு, ஊர் வாயை அடைக்க ஏதாவது செய் என்றேன். அவன் சிரித்தான். "தப்பாச் சொல்லிட்டேன்ப்பா. நான் பண்ணின தப்புலயே எனக்குப் பிடிச்ச தப்பு இதுதான்," என்றான். தன் சொல் பொய்த்துப்போனதைக் கொண்டாடும் பிள்ளையாக நான் அவனை வளர்க்கவில்லை. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் யாரையும் சுட்டிக்காட்ட மாட்டேன்.

மருமகளுக்குக் கிடைக்கும் நல்ல பெயரும் குடும்பத்துக்குத்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். அவளுக்குக் கிடைப்பது புதிதாக வருகிற பெயர். அவனிடமிருந்து போவது ஏற்கெனவே இருந்த பெயர். வருவதைவிட இருப்பதைக் காப்பாற்றுவதுதான் பெரியவர்களின் வேலை.

இப்போது அந்த வயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வைத்தியத்தில் எல்லாமே சூட்டின் அளவுதான். குறைந்தால் கட்டி பிழைத்துக்கொள்ளும், கூடினால் நாய் பிழைக்காது. அதனால் தலைமுடி போல மெல்லிய ஒரு வயரைக் கட்டியின் ஓரத்தில் செருகி வைப்பார்கள். உள்ளே எவ்வளவு சூடு என்று அது மெஷினுக்குச் சொல்லும். குளிர்ந்திருக்கிறது என்றால் மெஷின் இன்னும் கொடுக்கும், போதும் என்றால் நிறுத்தும். எல்லை மீறாமல் தடுக்கும் ஏற்பாடு ஒன்றும் இருந்தது. அதுவும் அந்த வயரின் பேச்சைத்தான் கேட்டது.

வயர் நழுவாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் தலைமாட்டில் உட்கார வேண்டும். அந்த வேலையை மருமகள் எனக்குக் கொடுத்தாள். "மாமா, உங்க கை மாதிரி அசையாத கை இங்க யாருக்கும் இல்ல. நீங்க பார்த்துக்கிட்டா எனக்கு நிம்மதி," என்றாள். என்னை ஒதுக்கிவிட்டதாக நான் நினைத்துவிடக் கூடாது என்ற மரியாதை. அவள் மரியாதை தெரிந்தவள். அதில் நான் குறை சொன்னதே இல்லை.

அன்று கடைசி முறை. கட்டி ஒரு கடலைப் பருப்பளவுதான் மிச்சம். விளக்கைக் குறைத்தார்கள். நர்ஸ் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மருமகள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வயரை மெதுவாக உருவி, பக்கத்தில் இருந்த ஈரத்துணியின் மேல் வைத்தேன். அதைத் தவிர நான் எதையும் தொடவில்லை.

மெஷின் தன் கடமையைச் செய்தது. குளிர்ந்திருக்கிறது என்று கேள்விப்பட்டது, கொடுத்தது. மறுபடியும் கேள்விப்பட்டது, மறுபடியும் கொடுத்தது.

"மேனேஜருக்கு இன்னைக்குச் சூடே ஏற மாட்டேங்குதே," என்றாள் மருமகள், கொஞ்சம் சிரிப்போடு. "வயர் சரியா இருக்கா, மாமா?"

"இருக்கு," என்றேன்.

நாற்றம் வந்த பிறகுதான் அவள் நிறுத்தினாள். விளக்கு எரிவதற்குள் வயரைப் பழைய இடத்தில் செருகிவிட்டேன். நாய் மயக்கத்தில் இருந்தது, வலித்திருக்காது. அந்த மயக்க மருந்தின் அளவை நானே ஒரு முறை சரிபார்த்திருந்தேன். நான் இரக்கமில்லாதவன் அல்ல.

மேனேஜர் எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே என் தங்கை நாய்க்கழுத்துப் பட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். நான் வெளியே போய் அவள் தோளைத் தொட்டு, என் மகன் அப்போதே சொன்னானே என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. துக்கம்.

அந்த அறை இப்போது பூட்டிக் கிடக்கிறது. முறைக்குக் காத்திருந்த பூனைகளையும் நாய்களையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருமகள் தன் கணக்கில்தான் தவறு என்று சொல்லி, அந்த மெஷினை இனித் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். வீட்டிலும் வேலைகள் இல்லாமல் இல்லையே என்று ஆறுதல் சொன்னேன். மகன் நாற்காலியில் உட்காருகிறான், ஆனால் எந்த நோயைப் பற்றியும் இப்போது அவன் உறுதியாக ஒரு சொல் சொல்வதில்லை. அதுவும் சரியாகிவிடும். நான் பூங்காவுக்குப் போகிறேன். பேங்க் ஆபீசர் செருப்பைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை.

இதோடு நான் வாய் திறந்திருக்கவே மாட்டேன். மெஷின் கம்பெனிக்காரர் வந்து, மெஷினில் பதிவாகியிருந்ததைப் பார்த்து, நடுவில் கொஞ்ச நேரம் வயர் வெளியே இருந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து மருமகள் எல்லோரிடமும் ஒன்றைச் சொல்லிவருகிறாள். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அழுதபடியே சொல்கிறாள். என் மகன் தலையாட்டுகிறான். நர்ஸும் சொல்கிறாள். நேற்று பூங்காவில் பேங்க் ஆபீசர் என் முழங்கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டார். அதனால்தான் உங்களைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

எனக்கு வயதாகிவிட்டது, கை நடுங்கியதில் வயர் நழுவிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. என் கை நடுங்காது.